கீழிருந்து போன ஆடுகள்

தென்னூர், திருச்சி
ஞாயிறு

அன்பு மஹ்ஜபீனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் அம்மாவும் நலம். லடாக்கில் உன் உடம்பு எப்படி இருக்கிறது? போனில் இதைக் கேட்டால் லைன் அறுந்துவிடுகிறது. அறாத நாளில் நீ ஆராயும் ஆடுகளைப் பற்றியே பேசுகிறாய். அதனால்தான் எழுதி, உன்னோடு வேலை செய்யும் ஹரிஹரசுதனிடம் கொடுத்தனுப்புகிறேன். லீவு முடிந்து நாளை அவர் கிளம்புகிறார்.

கடையில் மனம் நிற்கவில்லை. நேற்று ரிப்பேருக்கு வந்த ஒருவருடைய போனை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டேன். பக்கத்தில் இருந்த சலாம் அண்ணன், "என்னடா, ஆளு இங்க இருக்க, நெனப்பு எங்க இருக்கு?" என்றார். டீ வாங்கி வருகிறேன் என்று எழுந்து போய்விட்டேன்.

போன வாரம் நீ சொன்னது மனதை விட்டுப் போகவில்லை. அந்த மலையாடுகள் எத்தனையோ தலைமுறைகளாக அங்கேயே வாழ்வதால், குறைந்த ஆக்சிஜனிலும் தாக்குப்பிடிக்கிற மாதிரி அவற்றின் மரபணுவே மாறியிருக்கிறது என்றாய். கீழிருந்து கொண்டுபோன ஆடுகள் மெல்லப் பழகிக்கொண்டாலும், சினையானால் வயிற்றுக் குட்டிக்கு ஆக்சிஜன் போதாமல், குட்டிகள் நோஞ்சானாகப் பிறக்கின்றன என்றாய். அந்த இடத்தில் பேச்சை நிறுத்திவிட்டாய். லைன் போய்விட்டது என்று நினைத்தேன். ஆனால் நீ மூச்சு விடுவது கேட்டது.

வெள்ளிக்கிழமை உன் அம்மா தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார்கள். "மாப்ள, காலைல சாப்புட்டது எதுவும் வயித்துல தங்கலங்குறா. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னா. நான் எப்படிங்க சும்மா இருக்குறது?" என்றார்கள். அவர்கள் மேல் கோபப்படாதே.

நீ ஏன் மறைத்தாய் என்று எனக்குப் புரிகிறது. சொன்னால் இறங்கி வரச் சொல்வேன். இத்தனை வருடம் காத்திருந்து கிடைத்த வேலை பாதியில் நிற்கும். போன தடவை இந்தத் திருச்சியில், இதே வீட்டில் இருந்தபோதுதானே நமக்குக் கரு தங்கவில்லை, அப்போது மலையா இருந்தது என்று கேட்பாய். அதற்கு டாக்டர்களாலேயே காரணம் சொல்ல முடியவில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். சினையாடுகளைக் கீழே பள்ளத்தாக்குக்கு இறக்கிவிட வேண்டும் என்று உங்கள் தலைமை விஞ்ஞானியிடம் சண்டை போட்டவள் நீதானே? ஆராய்ச்சி கெட்டுப்போகும் என்று அவர் சொன்னதற்கு, கெட்டால் கெடட்டும் என்றாயே. அந்த இரக்கத்தில் கொஞ்சம் உனக்கும் வைத்துக்கொள்.

அடுத்த வாரம் லேவுக்கு வருகிறேன். உன்னை இழுத்துக்கொண்டு வருவதற்காக அல்ல. முதலில் இருவரும் சேர்ந்து ஒரு டாக்டரைப் பார்ப்போம். அவர் என்ன சொன்னாலும் முடிவு உன்னுடையது. வேலையை விட வேண்டாம் மஹ்ஜு. ஆடுகள் எங்கும் போய்விடாது, ஹரிஹரசுதன் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். அவரிடம் காரணம் எதுவும் சொல்லவில்லை.

அதுவரை மலை ஏறாதே, தண்ணீர் நிறையக் குடி, தனியாகப் படுக்காதே.

உன் அம்மா ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறார்கள். நானும் கேட்கிறேன். அல்லாஹ் உங்கள் இருவரையும் காப்பானாக.

உன்
வசீம்