கீழிருந்து ஏறிய இருட்டு

அண்ணே,

ஆஸ்பத்திரி அலுமாரியைத் திறந்ததும் பூச்சி உருண்டை வாசம் முகத்தில் அடித்தது. டொக்டர் இந்த ஊரை விட்டுப் போகப் போகிறார். போகுமுன் தம் நோயாளிகளின் தாள்களையெல்லாம் ஒழுங்குபடுத்திப் பிரதி எடுத்துத் தரச் சொல்லியிருக்கிறார். விழித்திரை கழன்று வந்தவர்களுக்குத் தாம் இத்தனை வருடம் செய்த வைத்தியத்தைப் பற்றி ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுகிறாராம். நானும் கிளாக்கருக்கே உரிய அலுப்போடு ஒவ்வொரு தாளாக எழுதிக்கொண்டிருந்தேன். போன வியாழக்கிழமை, பின்னேரத்து அசர் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால், உங்கள் தாள் என் கைக்கு வந்தது.

படித்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தேன். திரும்பப் படித்தேன். நம்ப முடியாமல் ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் மூன்றாம் தடவையும் படித்தேன். எழுத்து என்னுடையதுதான், வலப்பக்கம் சாய்ந்து போகும் என் அழகான எழுத்து. நீங்கள் மண்ணுக்குள் போய் மூன்று மாதம்கூட ஆகவில்லை. உயிரோடு இருந்த எட்டு வருடத்தில் உங்களிடம் சொல்லியிருக்க வேண்டியதை இனி எங்கே போய்ச் சொல்ல? அதனால்தான் இந்தக் கடிதம். உங்களுக்கு எப்போதும் வாசித்துக் காட்டியவன் நான்தானே. இதையும் நானே வாசிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அம்பிட்டிய வீதி மேடேறும் இடத்தில் டொக்டரின் கண் ஆஸ்பத்திரி, மொத்தமே ஆறு கட்டில். ஹேவாஹெட்டையிலிருந்து தோட்டத்து லொறியில் உங்களை ஏற்றி அனுப்பியிருந்தார்கள். செடியை மட்டம் தட்டிக் கவ்வாத்து வெட்டும்போது தேயிலைக் கொப்பு ஒன்று தெறித்துக் கண்ணில் அடித்துவிட்டது. மற்றக் கண்ணைச் சின்ன வயதிலேயே அம்மை கொண்டுபோய்விட்டது. இருந்தது ஒரே கண், அதிலும் இருட்டு ஏறிக்கொண்டிருந்தது.

டொக்டர் பறங்கியர். இங்கிலீசும் சிங்களமும் பேசுவார், தமிழ் வராது. தமிழ் ஆட்கள் வந்தால் அவர்கள் சொல்வதை இங்கிலீசில் சொல்லித் தாளில் எழுதுவது என் வேலை. முதலில் உங்கள் இருப்பிடம் கேட்டேன்.

"எங்க ஈக்கிறீங்க, செல்லுங்க."

"அப்பர் டிவிசனுங்க நானா. ஏழாம் நம்பர் லயம்."

எழுதினேன். பிறகு டொக்டர் இருட்டறையில் கண்ணாடியால் வெளிச்சம் அடித்து உங்கள் கண்ணுக்குள் நெடுநேரம் பார்த்தார். சுவரில் ஒட்டிய காகிதம் ஈரத்தில் கழன்று வருவதுபோல் விழித்திரை கழன்று வருகிறது என்றார். எங்கோ ஓர் ஓட்டை விழுந்து அதன் வழியாக நீர் போகிறது. அந்த ஓட்டைக்கு நேரே வெளியிலிருந்து பழுக்கக் காய்ச்சிய ஊசியால் சுட்டால், புண் ஆறும்போது திரை ஒட்டிக்கொள்ளும். சீமையில் அப்போதுதான் பிடித்துவந்த வைத்தியம் அது. ஆனால் உங்கள் கண்ணுக்குள் ரத்தம் கலங்கிக் கிடந்ததால் ஓட்டை அவர் பார்வைக்கு அகப்படவில்லை. அப்படிப்பட்ட வேளையில் அவருக்கு ஒரே வழிகாட்டி நோயாளியின் வாய்ச்சொல்தான்.

"இருட்டு மொதல்ல எந்தப் பக்கத்தால வந்திச்சி?" என்று கேட்டேன்.

"கீழருந்துங்க நானா. தண்ணி ஏறுற மாதிரி. மொத நாளு என் காலு தெரியல. மறுநாளு செடி தெரியல. மூணாம் நாளு ஆளுக மூஞ்சி தெரியல."

இதைவிடத் தெளிவாக ஒரு மனிதன் எப்படிச் சொல்வான்?

அதற்கு இரண்டு வாரம் முன்புதான் டொக்டர் எனக்கு ஒரு வேடிக்கை காட்டியிருந்தார். ஒரு பூதக்கண்ணாடியை ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பின்னால் வெள்ளைத் தாளை வைத்தார். வெளியே நின்ற மரங்கள் தாளில் தலைகீழாக விழுந்தன. கண்ணுக்குள்ளும் இப்படித்தான், கீழே உள்ளது மேலே விழும், ஆகையால் நோயாளி கீழே இருட்டு என்றால் கோளாறு கண்ணுக்குள் மேலே என்றார். எனக்குத் தலைகால் புரியாத பெருமை. வீட்டில் சோறு போட்ட மனைவிக்கும் அன்று பாடம் நடத்தினேன். "சோத்த மட்டும் நேராத் தின்னுங்க" என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து போனாள்.

அந்தப் பெருமையோடுதான் உங்கள் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பாவம், தோட்டத்து ஆள், இவருக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது, நாமே சரிப்படுத்திவிடுவோம் என்று நினைத்தேன். மேலே என்பதற்கு இங்கிலீசில் 'அப்பர்' என்று எழுதினேன். எழுதியது போதாதென்று டொக்டருக்கும் "அப்பர், சேர்" என்று கணீரென்று சொன்னேன். நீங்கள் சட்டென்று தலையைத் திருப்பி என் பக்கம் பார்த்தீர்கள். வாய் ஏதோ சொல்லப்போவதுபோல் அசைந்து நின்றது. மருந்து விட்ட கண், கூசுகிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் டொக்டர் சுட்டார். அதன் பின் ஐந்து வாரம் நீங்கள் அசையாமல் மல்லாந்து கிடந்தீர்கள். கண் இரண்டுக்கும் கட்டு, தலை ஆடாமல் இருக்க இரண்டு பக்கமும் மணல் மூட்டை. சாயங்காலங்களில் வேலை முடிந்து நான் பக்கத்தில் உட்கார்ந்து பத்திரிகை வாசிப்பேன். உங்கள் மனம் நோகக் கூடாதென்று கெட்ட சேதிகளை விட்டுவிட்டு வாசிப்பேன். "நானா படிக்கிறப்ப மட்டும் நாட்டுல ஒரு கெட்டதும் நடக்க மாட்டேங்குதே" என்று ஒருநாள் குத்தினீர்கள். நீங்கள் என்னை நானா என்றீர்கள், நான் உங்களை அண்ணே என்றேன், இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான். இரண்டு பேருமே மூத்தவன் என்றால் இளையவன் யார் என்று அடிக்கடி சண்டை பிடிப்போம். வயதைச் சொல்ல நீங்களும் சம்மதிக்கவில்லை, நானும் சம்மதிக்கவில்லை.

கட்டு அவிழ்க்கும் காலை வந்தது. டொக்டர் துணியைச் சுற்றிச் சுற்றி எடுத்துத் தட்டில் போட்டார். ஜன்னல் திறந்திருந்தது, வெயில் நேராக உங்கள் முகத்தில் விழுந்தது. நீங்கள் பொறுமையாகக் காத்திருந்தீர்கள். பிறகு கேட்டீர்கள்.

"கட்டு அவுத்தாச்சுங்களா?"

நான் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஓட்டை வேறெங்கோ இருந்திருக்க வேண்டும் என்று டொக்டர் இங்கிலீசில் முணுமுணுத்தார். அந்த நாளில் அந்த வைத்தியம் தோற்பது புதினமில்லை. அதனால் யாரும் யாரையும் சந்தேகப்படவில்லை. நானும் அல்லாஹ்வின் நாட்டம் என்று சொல்லி மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அதன் பிறகும் மாதம் ஒருமுறை உங்களை வரச் சொல்லி டொக்டர் பார்ப்பார், அவருடைய ஆராய்ச்சிக்கு வேண்டும் என்று. பஸ்காரன் வாசலில் இறக்கிவிடுவான். டொக்டர் பார்த்து முடிந்ததும் நாம் இருவரும் ஊர்க் குளத்தின் கட்டில் நடப்போம். உங்கள் கை என் தோளில் இருக்கும். ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்விதான் கேட்பீர்கள்.

"நானா, இன்னைக்கித் தண்ணி மேல இருக்கா கீழ இருக்கா?"

நான் ஏதாவது சொல்வேன். "நல்லாப் பாத்துச் சொல்லுங்க" என்று சிரிப்பீர்கள். உங்களுக்கு அந்தக் கேள்வியில் ஒரு பிரியம் என்றுதான் எண்ணியிருந்தேன். முதலில் கால் மறைந்தது, பிறகு செடி மறைந்தது என்ற கதையையும் எத்தனையோ தடவை அந்தக் குளத்து மதிலில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறீர்கள். ஒவ்வொரு தடவையும் உச்சுக் கொட்டினேனே தவிர, நான் என்ன எழுதினேன் என்பது ஒருநாளும் நினைவுக்கு வரவில்லை. எட்டு வருடம், அண்ணே. காது இருந்தும் செவிடனாக நடந்திருக்கிறேன்.

வியாழக்கிழமை அந்தத் தாளில் 'அப்பர்' இரண்டு இடத்தில் இருந்தது. ஒன்று நீங்கள் குடியிருந்த டிவிசனின் பெயரில். மற்றது 'நோயாளி சொன்னது' என்ற கட்டத்தில். அதன் பக்கத்தில் டொக்டர் சிவப்புப் பென்சிலால் கீழ்நோக்கி அம்பு போட்டிருந்தார். எல்லாத் தாளிலும் செய்வதுபோல் நோயாளியின் சொல்லைத் திருப்பிப் போட்டிருக்கிறார், அது அவருடைய வேலை. அவருக்கு முன்பே நான் ஒரு தடவை திருப்பிவிட்டேன் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? இரண்டு தடவை திருப்பினால் பழைய இடத்துக்கே வந்துவிடும். ஓட்டை மேலே இருந்தது. அவர் கீழே சுட்டார்.

மற்றத் தாள்களையெல்லாம் வெறி பிடித்தவன்போல் புரட்டினேன். பூதக்கண்ணாடிப் பாடத்துக்கு முந்தியவை எல்லாம் நோயாளி சொன்னபடியே இருந்தன. உங்களுக்குப் பிறகு டொக்டர் ஒரு கரும்பலகை வாங்கி, இருட்டு எங்கே என்று நோயாளியையே பிரம்பால் காட்ட வைத்தார். என் கெட்டிக்காரத்தனம் விழுந்தது ஒரே ஒரு தாளில்தான். அதைக் கண்டபோது ஒரு கணம் மனம் ஆறுதல்பட்டது. ஆறுதல்பட்டதை நினைத்து என் மேலேயே அருவருப்பு வந்தது.

தாளை டொக்டரிடம் கொண்டுபோய் நடந்ததைச் சொன்னேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அவர் சொன்னதை எழுதச் சொன்னேன். நீர் உமக்குத் தெரிந்ததை எழுதியிருக்கிறீர்" என்றார். மேலே சுட்டிருந்தால் பார்வை வந்திருக்குமா என்று கேட்டேன். தெரியாது என்றார். வந்திருக்காது என்று அவர் ஒரு பொய் சொல்லியிருக்கக் கூடாதா என்று எனக்கு இப்போதும் கோபமாக இருக்கிறது.

அரைக்கிணறு தாண்டினவன் தானே விழுந்து சாவான் என்பார்கள். நான் அரைக்கிணறு தாண்டினேன், விழுந்தது நீங்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஹேவாஹெட்டைக்கு பஸ் ஏறினேன். உங்களிடம் சொல்ல முடியாததை உங்கள் வீட்டம்மாவிடமாவது சொல்லிவிட வேண்டும், காறித் துப்பினாலும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று போனேன். லயத்து வரிசை வீட்டு வாசலில் எனக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டு உங்கள் மனைவி எதிரே குந்தியிருந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. புரியவில்லை போலிருக்கிறது என்று திரும்பவும் தொடங்கினேன்.

"அது எங்களுக்குத் தெரியுமுங்க நானா" என்றார்.

கோப்பை என் கையிலிருந்து சரிந்து தேத்தண்ணி உடுத்திருந்த சாரத்தில் கொட்டியது. சுட்டதுகூட எனக்குத் தெரியவில்லை.

"அப்பர்னா மேலன்னு தெரியாதுங்களா? அவரு பொறந்ததே அப்பர் டிவிசன்ல. 'கீழன்னு சொன்னேன், நானா டாக்டர் தொரைக்கிட்ட அப்பர்ன்னு சொல்லிட்டாரு'ன்னு, ஆசுபத்திரிக்கு நான் பாக்க வந்த மொத நாளே எங்கிட்டச் சொன்னாரு. படிச்சவங்க, கண்ணு வெசயம் அப்படித்தான் போல, நாம வாயக் குடுத்துக் கெடுத்துறக் கூடாதுன்னு பேசாம இருந்துட்டாராம்."

"கட்டவுத்த பொறகு? அப்பயாவது செல்லியிருக்கலாமே!" என்று கத்தியேவிட்டேன்.

"நானும் அதைத்தான் கேட்டேன். போயி கேளுங்கன்னு அழுதேன். வேணாம்னுட்டாரு. போன கண்ணு போயிருச்சு, அந்த நானா ஒருத்தருதான் பக்கத்துல ஒக்காந்து பேப்பரு படிக்கிறாரு, அவருக்கு இது தெரிஞ்சா அப்புறம் எம் மூஞ்சிய எப்படிப் பாப்பாரு, வரமாட்டாருல்லன்னாரு."

மேற்கொண்டு அவர் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் மலையெல்லாம் உங்கள் கவ்வாத்துக் காடுகளாகவே தெரிந்தது. எட்டு வருடம் என் தோளில் கை வைத்து நடந்தவர், உங்கள் கண்ணைக் கெடுத்தது யார் என்று தெரிந்துகொண்டே நடந்திருக்கிறீர்கள். நான் மனம் நோகக் கூடாதென்று பத்திரிகையில் கெட்ட சேதியை மறைத்தேன் அல்லவா? நீங்கள் மறைத்த சேதிக்கு முன்னால் அது எந்த மூலைக்கு? நம்மில் மூத்தவர் யார் என்ற சண்டையும் தீர்ந்தது, அண்ணே. நான் தோற்றுப்போனேன்.

திங்கட்கிழமை நுவரெலியாப் பக்கமிருந்து ஒரு பெண் வந்தார். கண்ணுக்குள் மழை பெய்கிற மாதிரி இருக்கிறது என்றார். கட்டத்தில் தமிழிலேயே எழுதினேன்: கண்ணுக்குள் மழை பெய்கிற மாதிரி இருக்கிறது. அதன் கீழே தனியாக இங்கிலீசு. டொக்டர் அதைப் பார்த்துவிட்டு இருட்டறைக்கு நடந்தார். எனக்குத் தெரிந்த கண் சாஸ்திரம் இனி அவ்வளவுதான்.

உங்கள் தாளையும் பிரதி எடுத்துவிட்டேன். 'அப்பர்' என்பதை அடிக்காமல், நோயாளி சொன்னது கீழிருந்து, எழுதியவன் மாற்றினான் என்று பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வைத்திருக்கிறேன். கட்டுரையைப் படிக்கிறவர்கள் படிக்கட்டும்.

இன்று சாயங்காலம் தனியாகக் குளக்கட்டுக்குப் போனேன். நாம் உட்காரும் மதிலோரம் நின்றேன். இடது தோள் லேசாக இருந்தது, அது எனக்குப் பிடிக்கவில்லை. நீங்கள் கேட்கும் கேள்வி காதில் விழுந்தது. இந்த முறை அவசரப்படாமல் குனிந்து, நன்றாகப் பார்த்தேன். கல்லில் பாசி படிந்த கோட்டுக்கு இரண்டு முழம் இறங்கிக் கிடக்கிறது.

கீழே இருக்கிறது, அண்ணே. நீங்கள் சொன்ன மாதிரி, கீழேதான்.