கொயினா தடவிய விரல்

ஐப்பசி, வெள்ளிக்கிழமை. ஹந்தானைக் கோப்பித் தோட்டம்.

மழை விடவில்லை. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

என் சின்னவள் செல்லம்மா மூக்கை நோண்டி வாயில் வைக்கிறாள். கசந்தால் விட்டுவிடுவாள் என்று பத்து நாளாக அவள் விரலில் காய்ச்சல் மருந்தான கொயினாவைத் தடவி வந்தேன். விடவில்லை. தோட்டத்துக்கே மருந்து கொடுக்கும் கணக்கப்பிள்ளையான நான் என் பிள்ளையின் விரலில் அதைத் தடவுவதை லயத்து வீடுகளில் இருக்கும் பெண்கள் பார்த்துவிட்டார்கள்.

இன்று மாலை கோப்பிப் பழத்தை அளந்து போட்டதும் பேச்சி தன் மகளோடு வந்து நின்றாள்.

"எம்புள்ள விரல்லயும் தடவுங்கய்யா. லயம் பூராக் காய்ச்சல். ஒங்க சின்னவ மட்டும் நல்லாத்தானே இருக்கா?"

"மூக்கு நோண்டுறது கெட்ட பழக்கம்மா. அதை நிறுத்தத்தான் தடவுறேன்."

அவள் நம்பவில்லை. மகளின் விரலைப் பிடித்து மூக்கருகே கொண்டுபோய், "நோண்டுடி" என்றாள். பின்னால் நின்ற பெண்களும் தலையாட்டினார்கள்.

திட்டி அனுப்பிவிட்டேன். ஆனால் அவள் சொன்னது சரிதானோ? விரல் வழியாக மருந்து உள்ளே போயிருக்குமோ? சோறு தின்னும்போது செல்லம்மாவையே கேட்டேன்.

"கசக்கலையா?"

"நீங்க சோத்துக்கையிலதானேப்பா தடவுறீங்க. அத அப்பவே கழுவிருவேன். நோண்டுறது பீச்சாங்கையால."

அப்படியானால் மருந்து அவள் வாய்க்குப் போகவே இல்லை. போனது மூக்கில் இருந்தது மட்டும்தான்.

மூக்கில் விரலே வைக்காத பெரியவள் மத்தியானத்திலிருந்து காய்ச்சலில் அனத்துகிறாள். பக்கத்துப் பாயில் சின்னவள் இப்போதும் நோண்டிக்கொண்டுதான் படுத்திருக்கிறாள். கையைத் தட்டிவிட எழுந்தேன். தட்டாமலே வந்து உட்கார்ந்துவிட்டேன்.