வடகிழக்கு மூலை

ஜூலை 7, திங்கள்
வெயில். காற்றில் சாம்பல் தூசி, கண் எரிச்சல்.
புது வேலை: எண்ணூர் பக்கம் ஓர் இடுகாடு. சமாதிகளை அளந்து வரைபடம் தர வேண்டும். அளவெடுக்கும் ரோவர் கம்பை ஊன்றினால் செயற்கைக்கோள்களைப் பிடித்துத் திரையில் 'ஃபிக்ஸ்' என்று வரும். வந்துவிட்டால் ஒரு செ.மீ. பிசகாது. ரோடு, கால்வாய், கன்டெய்னர் யார்டு எல்லாம் அளந்தாயிற்று. சமாதி இதுதான் முதல் தடவை.
பதினோரு வருடம் முன்பு என் பெண் குழந்தையைப் புதைத்தது அங்கேதான். இரண்டே நாள் இருந்தாள். "பொம்பள சுடுகாட்டுக்கு வர்றது வழக்கமில்ல" என்று மாமியார் சொல்ல, என் வீட்டுக்காரர் செல்வம் மட்டும் தூக்கிப் போனார். எந்த இடம் என்று நான் கேட்டதில்லை. அவரும் வாயைத் திறந்ததில்லை. கல்நெஞ்சக்காரர்.

ஜூலை 8, செ.
112 சமாதி. முதுகு போச்சு. தயிர்சாதம் புளித்துவிட்டது.
வடகிழக்கு மூலையில் கல்லே இல்லை, வெறும் புல். குழி வெட்டும் அண்ணன்: "அது கொயந்தைங்க மூலைம்மா. கல்லு வெக்க மாட்டாங்கோ."
சூப்பர்வைசர் சார்: "கல் இல்லன்னா காலியிடம்னு போடும்மா. புதுப் பாதை அந்தப் பக்கந்தான் வருது."
ராத்திரி சோறு போட்டுவிட்டு, பாப்பாவை எங்கே புதைத்தார் என்று செல்வத்திடம் கேட்டேன். "வேப்ப மரத்தாண்ட, நாலடி தள்ளி" என்றார், தட்டைப் பார்த்தபடி. அங்கே நிற்பது ஒரு புங்கமரம். மறந்திருப்பார்.

ஜூலை 9, பு.
தூறல். செல்வம் தான் வேலை பார்க்கும் கன்டெய்னர் யார்டில் ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்தார். நிற்கச் சொன்ன இடத்தில் கம்பை ஊன்றினேன். ஃபிக்ஸ். உடனே, "இல்லமே, செவுத்தாண்ட" என்று நகர்ந்தார். அங்கேயும் ஃபிக்ஸ். மூன்றாவது இடத்துக்கு நகர்ந்தபோது எரிச்சல் வந்துவிட்டது.
"நெஜமா சொல்லு மாமா. எங்க?"
"தெர்லமே. நான் உள்ளயே போவல. கேட்டாண்ட குயி வெட்றவர் கையில குட்த்துட்டு ஒக்காந்துக்கினேன். கால் வர்ல. ஒன்னாண்ட எப்டி சொல்றது?"
அன்றைக்கு வெட்டியவர் வேறு ஆளாம்; இப்போது உயிரோடு இல்லை என்றார் குழி வெட்டும் அண்ணன். இனி யாரைக் கேட்பது?
புங்கமரத்தடியில் உட்கார்ந்து அழுதேன். அவரும் அழுதார். இத்தனை வருடம் இந்த மனுஷனைத் தப்பாக நினைத்துவிட்டேன். திரும்பும்போது டீ, பிஸ்கட்.

ஜூலை 10, வி.
காலையில் அந்த மூலையைச் சுற்றி நடந்தேன். எல்லைக்குப் பதினேழு பாயிண்ட். 'காலியிடம்' என்பதை அழித்துவிட்டு, 'குழந்தைகளைப் புதைத்த இடம்' என்று அடித்து அனுப்பினேன்.
மாலை சார் போன். "கல்லே இல்லியேம்மா, எத வச்சுப் போட்ட?"
"என் பொண்ணு அங்க கீது சார்."
சார்: "சரி, படம் அப்படியே மேல போகட்டும். பாதைய வளைப்பாங்களான்னு எனக்குத் தெரியாது. உன் பொண்ணு எந்தப் பாயிண்ட்டுன்னு சொல்லு, குறிச்சுக்கறேன்."
"பாயிண்ட் இல்ல சார். அந்த மூல மொத்தமும்தான்."