சொந்த விருப்பத்தின் பேரில்

அன்புள்ள எக்ஸ்பிரஸுக்கு,

கடிதத்தில் ஒரு கமா விட்டுப்போனாலும் விடாத உன் கமா எழுதுகிறேன். எட்டு மாதமாகப் பதில் போடாதவளுக்கு இன்றைக்கு என்ன வந்தது என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் படி. திட்டுவதையெல்லாம் பிறகு மொத்தமாகத் திட்டிக்கொள். இதை நம் ஜீப் டிரைவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். மதியம் கோப்புகளோடு கிளம்பினால் நாளை, புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கெல்லாம் உங்கள் அலுவலகத்தில் இருப்பாராம். தபாலில் போட்டால் இரண்டு மூன்று நாளாகும். எனக்கு அவ்வளவு நாள் இல்லை.

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அங்கே மாடிப்படி ஏற வேண்டியிருக்கிறது என்று எழுதியிருந்தாய். இங்கே உன் நாற்காலியில் ஒரு புதுப் பையனைப் போட்டிருக்கிறார்கள். நீ எக்ஸ்பிரஸ் வேகத்தில் அடித்துத் தள்ளிய மெஷினில் இவன் இரண்டே விரலால் கோழி கொத்துவதுபோல் டைப் அடிக்கிறான். ஒரு பக்கக் கடிதத்துக்கு ஒரு பொழுது போய்விடுகிறது. அவனுக்கு இன்னும் ஆறு வருஷத்தில் பதவி உயர்வு வரும், அவனும் போவான், யாரும் அவனிடம் வீட்டில் என்ன சொல்கிறார்கள் என்று கேட்கப்போவதில்லை. மேலாளர் அப்படியேதான் இருக்கிறார், தொப்பைதான் கூடியிருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். என் சின்னவளுக்கு உங்கள் ஊர்ப் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தது. கட்டடப் பிரிவு. அறுபது பேர் வகுப்பில் பெண்கள் ஐந்தே பேர். தேர்வுப் பட்டியலில் இவள் பெயர் பதினொன்றாவது. உனக்கு ஞாபகம் இருக்குமே, சின்ன வயதிலிருந்தே அளவு நாடாவும் கையுமாகத் திரிவாள். எங்கள் வீட்டுப் படியில் மூன்றாவது படி மட்டும் அரை அங்குலம் கூடுதல், அதனால்தான் வருகிறவர்களெல்லாம் தடுக்குகிறார்கள் என்று பத்து வயதில் கண்டுபிடித்துச் சொன்னவள். வீட்டைக் கட்டிய மேஸ்திரியே வந்து அளந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு போனார்.

அந்த இடம் வேண்டாம் என்று நேற்று காலை கல்லூரிக்கு எழுதிப் பதிவுத் தபாலில் போட்டுவிட்டாள். சாயங்காலம் நான் வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, பால் வாங்கி வைத்துவிட்டேன் என்று சொல்கிற மாதிரி சொன்னாள். கையில் தபால் ரசீது.

ஏன் என்று உனக்குப் புரிய வேண்டுமானால் இரண்டு வருஷமாக உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். உனக்கும் எனக்கும் ஒரே உத்தரவில் பதவி உயர்வு வந்தது, ஒரே ஊருக்கு. நீ போனாய். போனதற்கு உன்னை என்னென்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியும், அதில் பாதியை உன்னிடம் சொல்லாமல் நானே விழுங்கியிருக்கிறேன். நான் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். காரணம் கேட்டாய். முதுகு வலி என்றேன். பொய்.

உத்தரவு வந்த அன்று வீட்டில் சொன்னேன். இவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் "உன் இஷ்டம்" என்றார். எங்கள் வீட்டில் அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் அதைத் தாண்டிக்கொண்டு வந்திருப்பேன். சத்தியமாக வந்திருப்பேன். என்னை உட்கார வைத்தது பெரியவன். அவன் தடுக்கவில்லை. எனக்குத் தைரியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "நீ தாராளமா போம்மா, இங்க ஒண்ணும் கெட்டுப் போயிடாது, அதான் தங்கச்சி இருக்கால்ல, அவ பாத்துப்பா" என்றான். அவள் அந்த மேஜையிலேயே ஜியோமெட்ரி பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தலை நிமிரவில்லை. இரண்டு பேருக்கும் இரண்டே வயதுதான் வித்தியாசம். அவன் தன் தட்டைத் தானே கழுவியதில்லை. கழுவச் சொல்லி நானும் வளர்க்கவில்லை. அந்தப் பாவம் என்னுடையது, வேறு யார் தலையிலும் கட்ட முடியாது.

நான் போனால் அடுப்பு அவள் கைக்கு வரும், படிப்பு போய்விடும் என்று பயந்துதான் மறுநாள் எழுதிக் கொடுத்தேன்.

எழுதிக் கொடுத்தேன் என்றா சொன்னேன்? எழுத என்ன இருக்கிறது, மாதிரிப் படிவம்தான் என் இழுப்பறையில் இருந்ததே! இருபத்திரண்டு வருஷத்தில் முப்பத்தோரு பெண்களுக்கு அடித்துக் கொடுத்திருக்கிறேன். அதில் ஒரு வரி நானே சேர்த்தது, உனக்குத் தெரியும். முன்பெல்லாம் பதவி உயர்வு வேண்டாம் என்று எழுதுகிற ஒவ்வொருத்தியையும் மேலாளர் கூப்பிட்டு நிற்க வைத்து, "ஏம்மா, வீட்டுக்காரர் விடமாட்டேங்கிறாரா? அடிப்பாரா?" என்று பியூன் முன்னாலேயே கேட்பார். அவள் கூனிக் குறுகி நிற்பாள். அந்த அவமானம் யாருக்கும் வேண்டாம் என்றுதான் "குடும்பச் சூழ்நிலை காரணமாக" என்பதற்குப் பிறகு "என் சொந்த விருப்பத்தின் பேரில், எவருடைய வற்புறுத்தலும் இன்றி" என்று சேர்த்தேன். அதன் பிறகு ஒரு கேள்வி கிடையாது. எத்தனை பேர் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார்கள் தெரியுமா? எனக்கும் கொஞ்சம் தலைக்கனம்தான்.

போன வருஷம் மனசு கேட்காமல் மேலாளரிடம் போய் என் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள வழியுண்டா என்று கேட்டேன். கோப்பை வரவழைத்து அந்த வரியின் மேல் விரலை வைத்தார். "சொந்த விருப்பம்னு எழுதியிருக்கீங்களேம்மா. யாராவது வற்புறுத்தினாங்கன்னு இருந்தாலாவது மேல எழுதலாம். நல்லா யோசிச்சுத்தானே எழுதினீங்க?" என்றார். கிண்டலாகக்கூடச் சொல்லவில்லை, நிஜமான வருத்தத்தோடு சொன்னார். உனக்குப் பதில் எழுதுவதை நிறுத்தியது அதற்கப்புறம்தான். என்ன எழுதுவது?

பொய் சொன்ன வாய்க்குத் தண்டனை மாதிரி இந்த வருஷம் முதுகு நிஜமாகவே போய்விட்டது. எலும்பு நழுவியிருக்கிறதாம். மூன்று மாதம் குனியக் கூடாது, குடம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னார். மூன்று மாதம் முடிந்தும் இன்னும் சரியாகவில்லை. அவளுக்குக் கடைசித் தேர்வு நடந்த மூன்று மாதம் அது. ஐந்து மணிக்கு எழுந்து தண்ணீர் பிடித்து, சமைத்து வைத்து, என்னைக் கைத்தாங்கலாக அலுவலக பஸ் வரைக்கும் கொண்டுவந்து விட்டுவிட்டுத் தேர்வுக்கு ஓடுவாள். எது நடக்கக் கூடாது என்று நான் உட்கார்ந்தேனோ அது என் கண் முன்னாலேயே நடந்தது. அப்படியும் பதினொன்றாவது இடம் வாங்கியிருக்கிறாள், பார்த்துக்கொள்.

என் எக்ஸ்ரே கவரைத் தேடும்போது அலமாரியில் அந்தக் கடிதத்தின் கார்பன் நகல் அவள் கையில் கிடைத்திருக்கிறது. அண்ணன் அப்படிச் சொன்னதற்கு மறுநாள் தேதி என்று பார்த்தவுடன் எல்லாம் புரிந்துவிட்டது அவளுக்கு. ஒன்றும் கேட்கவில்லை. மாதக்கணக்கில் மனசுக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறாள்.

நேற்று அவள் அனுப்பிய கடிதத்தின் நகலை வாங்கிப் பார்த்தேன். பொருள், பார்வை எண், தேதி எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. குடும்பச் சூழ்நிலை காரணமாக, என் சொந்த விருப்பத்தின் பேரில், எவருடைய வற்புறுத்தலும் இன்றி. ஒரு எழுத்துப் பிழை இல்லை. நம் அலுவலகத்துக்கு வந்திருந்தால் நானே பார்த்து, சரி என்று குறுங்கையெழுத்துப் போட்டு அனுப்பியிருப்பேன்.

ஏன்டி இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். "நீ எனக்காகப் போகல. நான் உனக்காகப் போகல. ரெண்டும் சரியாப் போச்சு, விடும்மா" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் அவளைச் சமாளித்திருப்பேன். சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு அரிசி களையப் போனாள். பின்னாலேயே போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வேறு கடிதம் எழுது, முதல் கடிதத்தை ரத்து செய் என்று கெஞ்சினேன். "நீ குனிஞ்சு ஒரு பாத்திரத்த எடு பாப்போம். எடுத்தின்னா நான் போறேன்" என்றாள். எடுக்கப் பார்த்தேன், எக்ஸ்பிரஸ். என்னால் முடியவில்லை.

இவரிடம் சொன்னேன். போன மாதம் இவருடைய பள்ளிக்கூட விழாவில் பெண் கல்வியைப் பற்றி நாற்பது நிமிஷம் பேசினார். அந்தச் சட்டைக்குக் கஞ்சி போட்டு இஸ்திரி போட்டது சின்னவள்தான். இப்போது, "அவளே சொந்த விருப்பம்னு எழுதியிருக்கா. நான் தடுத்தேனா? போன்னு சொன்னாலும் குத்தம், போகாதேன்னு சொன்னாலும் குத்தம். என்ன எதுக்கு இதுல இழுக்கறே?" என்கிறார். வேண்டாம் என்று எழுத அவள் கையெழுத்தே போதும், ரத்து செய்து எழுதினால் பாதுகாவலர் கையெழுத்து வேண்டும். அவள் வந்து கேட்டால் போடுவாராம். அவள் கேட்கமாட்டாள். இவர் தானாகப் போடமாட்டார். பெரியவன், "நான் வேணா தினம் கடையிலேர்ந்து சாப்பாடு வாங்கிட்டு வரட்டுமா?" என்றான். பாவம், அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

இனி உன்னைத்தான் கேட்க வேண்டும். அவள் கடிதமும் நீ இதைப் படிக்கிற அன்றைக்குத்தான் கல்லூரிக்கு வரும். எந்த அலுவலகமானாலும் காலைத் தபாலைக் கட்டோடு வாங்கி வைத்துவிட்டுப் பதினொரு மணி வாக்கில்தான் பிரிப்பார்கள். பிரித்து முத்திரை குத்திப் பதிவேட்டில் எண் போட்டுவிட்டால் கடவுளே வந்தாலும் எடுக்க முடியாது, நமக்குத் தெரியாததா? அந்த எண் விழுகிற வரைக்கும் அது வெறும் காகிதம். அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டுப் போ. தபால் பிரிவில் யார் இருக்கிறார்களோ அவர்களைப் பார். அந்த உறையை ஒரு வாரம், சேர்க்கை முடிகிற அடுத்த புதன்கிழமை வரைக்கும், இழுப்பறையில் போட்டு வைக்கச் சொல்.

அப்படியெல்லாம் செய்வார்களா என்று கேட்பாய். செய்வார்கள். நானே செய்திருக்கிறேன், ஒரே ஒரு முறை. முப்பத்தோரு பெண்களைத் தவிர ஒரு ஆணும் நம்மிடம் அப்படி எழுதிக் கொடுத்தார், பண்டகக் காப்பாளர். பெண்டாட்டிக்கு உடம்பு சரியில்லை என்று எழுதியிருந்தார். "ஆம்பளை, ஏதோ அவசரத்துல எழுதிட்டாரு, ஒரு வாரம் உள்ள போட்டு வைங்க" என்று மேலாளர் சொன்னார். போட்டு வைத்தேன். ஆறாம் நாள் வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். இன்றைக்கு அவர் மண்டல அதிகாரி. அந்த முப்பத்தோரு பேரில் ஒருத்தியுடையதையாவது ஒரு நாள், ஒரே ஒரு நாள், உள்ளே போட்டு வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லையே! வாங்கிய கையோடு எண் போட்டேன். என் மேஜையில் எதுவும் தேங்காது என்று பெயர் வேறு.

ஒரு வாரத்தில் அவள் மனசு மாறுமா என்று கேட்டால், மாறாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. என் முதுகு ஒரு வாரத்தில் நேராகாது, இந்த வீடும் ஒரு வாரத்தில் மாறாது. இருந்தாலும் போ.

அந்த மேஜையில் இருப்பது ஒரு பெண்ணாகத்தான் இருக்கும். அவள் என்னைப்போல் ஒழுங்கானவளாக இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொள். நேரம் கழித்து வருகிறவளாக, டீ குடிக்கப் போனால் அரை மணி நேரம் பேசிவிட்டு வருகிறவளாக, எதையும் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப் போடுகிறவளாக இருக்கட்டும். அப்படி ஒருத்தி அங்கே இருந்தால் அவள் நூறு வருஷம் நன்றாக இருக்கட்டும்.

ஓடு, எக்ஸ்பிரஸ்.

உன்,
கமா