பிரேக்கில் என் கால் இல்லை

அன்பு மகள் வாயாடிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்கொரு சண்டையும் போட்டுக்கொண்டு சுகமாக இருக்கிறோம். அங்கே உன் சுகத்தை நேற்று போனில் கேட்டேன், மூக்கை உறிஞ்சுகிற சத்தம்தான் பதிலாக வந்தது. அதனால்தான் எழுதுகிறேன். போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், அழுவாய், உன்னோடு சேர்ந்து நானும் அழுது தொலைப்பேன், சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும். காகிதத்தில் எழுதிப் படம் பிடித்து அனுப்பினால் கடைசி வரி வரைக்கும் நீ வாயை மூடிக்கொண்டு படித்துத்தான் ஆக வேண்டும். என் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே, டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவளுக்கு ஸ்டியரிங் பிடிக்கிற கைதான் வரும்.

நீ அந்த வெளிநாட்டுக் கம்பெனிப் பயிற்சியைப் பாதியிலேயே விட்டுக் கிளம்பி வருகிறேன் என்று சொன்னது உன் அத்தை காதுக்குப் போய்விட்டது. எப்படிப் போனது என்று கேட்காதே, உன் அப்பாவுக்கு அக்காவிடம் மட்டும் வாயில் பூட்டே கிடையாது. இன்று காலையிலேயே கைப்பையை மடியில் வைத்தபடி வந்து உட்கார்ந்துவிட்டார். "அழுதுக்கிட்டு எதுக்கு அங்க கிடக்கணும், டிக்கெட்ட மாத்தி வரச் சொல்லு. இங்க எங்க வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொன்னா காலேஜ்ல வேலை ரெடி. இன்டர்ன்ஷிப்பாம், பேரப் பாரு, சம்பளமில்லாத எடுபிடி"ன்னு ஒரே மூச்சில் கொட்டினார். உன் அப்பா சுவரைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். பிறகு நான்தான் சொன்னேன், அவ வரமாட்டா அண்ணி, முடிச்சிட்டுத்தான் வருவான்னு. "நீயெல்லாம் ஒரு அம்மாவா"ன்னார். ஆமா, அதனாலதான் சொல்றேன்னு டீயை நீட்டினேன். டீயைக் குடிக்காமல் போய்விட்டார், பரவாயில்லை, நான் குடித்துவிட்டேன். உன்னைக் கேட்காமல் உனக்காக வாக்குக் கொடுத்துவிட்டாளே என்று உனக்குக் கோபம் வரும். வரட்டும், அழுகையைவிடக் கோபம் எவ்வளவோ மேல்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். உன் மேலதிகாரி அம்மாள் உன்னைக் கூப்பிட்டு, கொடுத்த வேலையை நீ செய்கிறாய், ஆனால் வாயே திறப்பதில்லை, உனக்குள் என்ன ஓடுகிறது என்றே எங்களுக்குத் தெரியவில்லை என்று சொன்னாராம். அதற்குத்தான் இந்த அழுகை. எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. ஸ்கூல் வேனில் டிரைவரோடு வழி நெடுக வாதாடியவள், கல்யாண வீட்டில் போட்டோகிராபருக்கே எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவள், வாயே திறப்பதில்லையாம்! ஆனால் சிரித்து முடித்த பிறகு நீ அடுத்துச் சொன்னது நினைவுக்கு வந்தது, சிரிப்பு போய்விட்டது. அடுத்த வாரம் பயிற்சிக்கு வந்திருப்பவர்கள் ஒவ்வொருவரும் சொந்தமாக ஒரு யோசனையை எல்லார் முன்னாலும் எடுத்துச் சொல்ல வேண்டும், நான் பேர் கொடுக்கப் போவதில்லை என்றாயே, அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சொல்வதற்கு உன்னிடம் ஒன்றும் இல்லையென்றால் நானும் விட்டுவிடுவேன். இருக்கிறதே! அவர்கள் செய்கிற அந்தப் புதிய செயற்கைக் காலை, மாட்டிப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் ஷூ போட்டுக்கொண்டுதான் நடந்து பார்க்கிறார்கள், குதிகால் உயரமெல்லாம் அந்த ஷூவுக்குச் சரியாக வைத்திருக்கிறது, ஷூவைக் கழற்றினால் குதிகால் இறங்கி ஆளைப் பின்பக்கமாகத் தள்ளும், அதை ஒருவரும் கேட்கவே இல்லை என்று நீதானே என்னிடம் சொன்னாய்? என்னிடம் சொல்லி என்ன புண்ணியம், நானா கால் செய்கிறேன்?

அவர்கள் எல்லாம் பெரிய படிப்புப் படித்தவர்கள், அவர்களுக்குத் தெரியாதா என்கிறாய். அவர்கள் கெட்டிக்காரர்கள்தான், யார் இல்லை என்றது. ஆனால் அந்த ஊரில் வீட்டுக்குள்ளும் ஷூவோடு நடக்கிறார்கள் என்று நீயே முதல் வாரத்தில் முகம் சுளித்தபடி சொன்னாய். நம் வீட்டில் உன் அப்பா வாசலில் ஷூவைக் கழற்றிய மறுநொடி எதைப் பிடிப்பார், சுவரைத்தானே? வாசலிலிருந்து குளியலறை வரைக்கும் அவர் உள்ளங்கை பட்டுப் பட்டு ஒரு பழுப்புக் கோடு, ஒவ்வொரு முறை வெள்ளையடித்தாலும் திரும்ப வந்துவிடும். அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் நீ வளர்ந்தாய். அத்தனை கம்பெனிகளுக்கு மரியாதைக்குரிய ஐயா என்று பணிந்து பணிந்து எழுதிப் போட்டாயே, ஒருத்தராவது திரும்பிப் பார்த்தார்களா? கடைசியில் வெறுத்துப்போய், என் அப்பாவின் இடது கால் செயற்கைக் கால், அதில் எனக்குச் சில சண்டைகள் இருக்கின்றன என்று ஆரம்பித்தாய், அதற்குத்தான் இந்த இடம் கிடைத்தது. சண்டை போடுகிறவள் வேண்டும் என்று கூப்பிட்டவர்கள் முன்னால் போய் நல்ல பிள்ளை வேஷம் போட்டால் அவர்கள் என்ன செய்வார்கள், பாவம்.

அதனால் இன்றைக்கே போய்ப் பேர் கொடு. மத்தியானம் உன் மேஜையிலேயே தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிற வேலையை விடு, எல்லாரும் சாப்பிடுகிற பெரிய மேஜைக்குப் போ, பேச்சு அங்கேதான் நடக்கும். புரியாததற்கெல்லாம் புரிந்தது என்று தலையாட்டாதே. கீழ்த்தளப் பட்டறையில் காலுக்கு அச்சு எடுக்கிறவரிடம் நீயாகப் போய் நான் கூட நிற்கட்டுமா என்று கேள், வேண்டாமென்றால் நாளைக்கும் கேள். மொழி தடுமாறினால் தடுமாறட்டும், என்னிடம் வண்டி கற்றுக்கொள்ள வருகிற பேங்க் அம்மாளுக்கு நடுச் சந்திப்பில் இன்ஜின் ஆஃப் ஆகிப் பின்னால் இத்தனை பேர் ஹாரன் அடிக்கிறார்கள், அவர் என்ன இறங்கி ஓடிவிடுகிறாரா, வியர்த்து விறுவிறுத்துத் திரும்ப ஸ்டார்ட் செய்து போய்க்கொண்டுதான் இருக்கிறார். பேசி முடித்து அவர்கள் முடியாது என்று சொன்னால் அது அவர்கள் பாடு. பேசாமல் வந்தாயென்றால் நான் ஏர்போர்ட்டுக்குக் கூப்பிட வரமாட்டேன், சொல்லிவிட்டேன்.

இந்தக் கடிதத்தோடு ஒரு வீடியோ வரும். அது என் யோசனை இல்லை, உன் அப்பாவுடையது. அவருடைய ஆபீசில் பாதிப் பேருக்கு இன்றுவரை அவர் காலைப் பற்றித் தெரியாது, எந்த வெயிலிலும் முழு பேன்ட்தான், உனக்கே தெரியும். அப்படிப்பட்டவர், இன்று அத்தை போன பிறகு, சாயந்திரம் அரைக்கால் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போனை எடுன்னார். தெருவில் இறங்கி முதலில் ஷூவோடு நடந்தார், பிறகு அதே தெருவில், அதே வெளிச்சத்தில், ஷூவைக் கழற்றி வெறுங்காலோடு நடந்தார். பிடிக்கச் சுவர் இல்லை, பின்னால் சாய்ந்து சாய்ந்து, கையை விரித்துச் சமாளித்துக்கொண்டு நடந்தார். மாடியிலிருந்து எல்லாரும் பார்த்தார்கள். சரியாக அந்த நேரம் பார்த்து அத்தை, மறந்து வைத்துவிட்டுப் போன குடையை எடுக்கத் திரும்பி வந்தார். "ஐயோ, என்னடா இது, மானம் போகுது, உள்ள வாடா"ன்னு கத்தினார். உன் அப்பா அக்கா பேச்சைத் தட்டி நான் பார்த்ததே இல்லை. "கொஞ்சம் ஓரமா நில்லுக்கா, படத்துல விழுற"ன்னார். வீடியோவில் அது கேட்கும், நடுவில் படம் ஆடுவது நான் அழுததால், வேறொன்றுமில்லை. முடித்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்து அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அவ பேசுனா இத அங்க எல்லாருக்கும் போட்டுக் காட்டட்டும். பேசலேன்னா ஒருத்தருக்கும் காட்ட வேணாம், அழிச்சிடச் சொல்லு."

நான் உனக்கு வண்டி கற்றுக்கொடுத்தபோது அந்த மேட்டில் வண்டி பின்னால் உருள ஆரம்பித்ததும் அம்மா பிரேக்கைப் பிடி, அம்மா பிரேக்கைப் பிடி என்று நீ அலறியது ஞாபகம் இருக்கிறதா? சொல்லிக்கொடுக்கிறவர் பக்கத்திலும் ஒரு பிரேக் இருப்பது அதற்குத்தான். நான் என்ன செய்தேன் என்பதும் உனக்கு ஞாபகம் இருக்கும். இப்போது உன் அத்தையும் அதையேதான் கேட்கிறார், பிரேக்கைப் பிடி என்று. அன்று போலவே நான் காலிரண்டையும் தூக்கிச் சீட்டின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறேன் மகளே, நீ மேட்டில் ஏறு.

தலை நிமிர்ந்து நன்றாக இரு, கேட்டதெல்லாம் கற்றுக்கொண்டு, கேட்காததையும் கேட்டுக் கற்றுக்கொண்டு வா. தலைக்கு எண்ணெய் வைக்க மறக்காதே, பேர் கொடுத்ததும் ஒரு வரி அனுப்ப அதைவிட மறக்காதே. உன் அப்பா போனை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், இன்னும் ஷூ போடவில்லை.

இப்படிக்கு,
சம்மணம் கலைக்காத உன் அம்மா