அக்காவின் கருவி திறக்கவில்லை

மார்ச் 4, செவ்வாய்

புது மென்பொருள் காலை பத்தரைக்கு வெளியே போனது. நிறுவனத்தின் டிஜிட்டல் கையொப்பத்தை அதில் இட்டவள் நான். இனி எங்கள் மின்புத்தகப் படிப்புக் கருவியை யார் இயக்கினாலும், திரை ஒளிரும் முன்பே உள்ளிருக்கும் சிப் சரிபார்க்கும்: இது நிறுவனம் கொடுத்த மென்பொருள்தானா, யாராவது கைவைத்திருக்கிறார்களா? கைவைத்திருந்தால் கருவி திறக்காது. வைரஸ் நுழையாது, புத்தகங்களை நகலெடுக்கவும் முடியாது. முதல் காரணத்தை வெளியே சொல்கிறோம். பதிப்பகங்கள் கேட்டது இரண்டாவதை.

மேலாளர் கேக் வெட்டினார். நானும் தின்றேன்.

மார்ச் 5

அக்கா போன் செய்தாள். "ஏண்டி, இது திறக்கவே மாட்டேங்குது. பீப்னு ஒரு சத்தம், அவ்வளவுதான்."

"வந்து பாக்குறேன்க்கா."

பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

மார்ச் 6

எழுதியே விடுகிறேன். அக்காவுக்குப் பார்வை போய் ஆறு வருடம். பள்ளியில் வரலாறு நடத்துகிறாள். எங்கள் கருவி பல புத்தகங்களை வாய்விட்டுப் படிக்காது. பதிப்பகங்கள் பூட்டி வைத்திருக்கின்றன. இரண்டு வருடத்துக்கு முன் அந்தப் பூட்டை எடுத்து, எல்லாப் புத்தகமும் பேசும்படி அவள் கருவியை மாற்றிக் கொடுத்தது நான்தான்.

ஜனவரிக் கூட்டத்தில் மாற்றப்பட்ட கருவிகளின் எண்ணிக்கை வந்தது. இரண்டாயிரத்துச் சொச்சம். "எல்லாம் திருட்டுக் கூட்டம். நின்னு போகட்டும்" என்றார் மேலாளர். எல்லோரும் சிரித்தார்கள். நான்? சிரித்தேன். வாயைத் திறந்திருந்தால் என் குட்டு வெளிப்பட்டு வேலை போயிருக்கும். அப்டேட் போடாதே என்று அக்காவிடமாவது சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பாளே. அந்த ஒரு கேள்விக்குப் பயந்து —

மார்ச் 11

"சிப் கெட்டுப்போச்சுக்கா" என்றேன்.

"பாவம், எனக்காக எவ்வளவு அலையறே."



மார்ச் 14

பன்னிரண்டாம் வகுப்பை அக்காவிடமிருந்து எடுத்து வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். தலைமை ஆசிரியை 'தற்காலிகமா' என்றாராம்.

"படிக்காம எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு க்ளாஸுக்குப் போவேன்? அவங்க செஞ்சது சரிதான்." இதை அக்கா எனக்கு ஆறுதல் சொல்வதுபோலச் சொன்னாள்.

மார்ச் 16, ஞாயிறு

அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், ஜனவரிக் கூட்டத்தையும் அந்த இரண்டாயிரம் கருவிகளையும் சேர்த்து. இருவரும் துணி மடித்துக்கொண்டிருந்தோம்.

"என்னுது நின்னு போகும்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சேதான் கையெழுத்துப் போட்டியா?"

"உன்னுத மட்டும் என்னால திறக்க முடியும்க்கா. யாருக்கும் தெரியாது" என்றேன்.

"அந்த ரெண்டாயிரத்துல என்னை மாதிரி எத்தனை பேரு?"

தெரியாது. யாரும் எண்ணவில்லை.

"முதல்ல அதை எண்ணிட்டு வா." என் கையிலிருந்த துண்டை வாங்கி அவளே மடித்தாள்.

மார்ச் 20

எண்ணினேன். வந்த புகார்களில் நானூற்றுப் பன்னிரண்டு பேர் தங்களுக்குப் பார்வை இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். எல்லாம் 'உத்தரவாதம் செல்லாது' என்ற ஒரே பதிலோடு மூடப்பட்டிருந்தன. ஒருவர் சட்டக்கல்லூரி மாணவி. ஒருவருக்கு எழுபது வயது. பாதிக்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை.

மார்ச் 24

கூட்டத்தில் எழுந்து நின்று அந்தப் புகார்க் கடிதங்களை மேசையில் வைத்தேன். "நின்னுபோன கருவியில ஒண்ணு என் அக்காவோடது. மாத்திக் குடுத்தது நான்." மேலாளர், "நீங்களா?" என்று மட்டும் கேட்டார். சாயங்காலத்துக்குள் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். சட்டப் பிரிவு அம்மா மட்டும் கடிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 2

அக்கா போனை எடுப்பதில்லை. எடுக்க வேண்டும் என்று எதிர்பார்க்க நான் யார்?

ஜூன் 9, திங்கள்

அக்காவே கூப்பிட்டாள். போனேன். கருவி பேசிக்கொண்டிருந்தது. பார்வையற்றவர்களுக்கென்று தனி மென்பொருள், நிறுவனத்தின் கையொப்பத்தோடு. ஆனால் ஒப்புக்கொண்ட பதிப்பகங்களின் புத்தகங்கள் மட்டும். அக்காவுக்கு வேண்டிய நாற்பதில் பதினொன்று.

"ஜூலையில க்ளாஸ திருப்பிக் குடுக்கறாங்களாம். மீதி இருபத்தொம்போதுக்கு என்ன பண்றது?" என்றாள். நான் வாய் திறக்கும் முன், "காலையில சும்மாதானே இருக்கே?"

அச்சுப் புத்தகம் ஒன்றை மேசையில் என் பக்கம் தள்ளினாள். வாய்விட்டு ஒரு பக்கம் படித்திருப்பேன்.

"ஏண்டி, போலீஸ்ல வாக்குமூலம் குடுக்கிற மாதிரி படிக்கிறே? மூச்சு விட்டுப் படி."

மறுபடி முதல் வரியிலிருந்து ஆரம்பித்தேன்.