மூன்று ஆர்ட்டின் விழுந்த ஆட்டம்

என் அன்பு மாப்பிள்ளை சேகருக்கு,

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. தங்கச்சி ஒதியம்பட்டு வீட்டில்தான் இருக்கிறாள், மறுபடி வேலைக்குப் போகிறாள். எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. அந்த வெள்ளிக்கிழமை ஆட்டத்தையே மனசு சுற்றிச் சுற்றி வருகிறது.

திருபுவனை கம்பெனியில் ஞாயிற்றுக்கிழமை நம் மெஷினுக்கு ஒரு ஆள் போதும். நீயா நானா என்பதைச் சாப்பாட்டு நேரத்தில் போக்கர் ஆடித் தீர்ப்போம். காசு கிடையாது, பழைய வாஷர்தான் பந்தயம். தோற்றவனுக்கு ஞாயிறு டூட்டி. நம் ஷிப்டு பாலுதான் சீட்டுப் போடுவான்.

அன்று நடுவில் விரித்த ஐந்து சீட்டில் ஆஸோடு சேர்த்து மூன்று ஆர்ட்டின், சிவப்பு இதயம் போட்ட சீட்டு. ஆளுக்குக் கையில் இரண்டு சீட்டு; அந்த இரண்டும் ஆர்ட்டினாக இருப்பவன் ஜெயித்துவிடுவான். என்னிடம் இருந்தது இரண்டு ராஜா. நீயோ இருந்த வாஷரையெல்லாம் நடுவில் தள்ளினாய்.

"இன்னா மச்சான், பாக்குறியா, கவுத்துர்றியா?"

ஒன்றுமே இல்லாமல் இப்படி எத்தனை முறை என்னை ஏய்த்திருக்கிறாய். தெரிந்தும் பயந்துபோய் என் சீட்டைக் கவிழ்த்துத் தோல்வியை ஒத்துக்கொண்டேன். எதிராளி கவிழ்த்துவிட்டால் ஜெயித்தவன் சீட்டைக் காட்ட வேண்டியதில்லை; உன் சீட்டையும் பாலு அப்படியே வாங்கிக் கட்டோடு கலந்துவிட்டான்.

ஞாயிறு நான் மெஷினில் நின்றேன். லீவு கிடைத்த நீ பாகூருக்குப் பைக்கை எடுத்தாய். வழியில் கரும்பு டிராக்டர் மோதிவிட்டது.

உன்னிடம் ஆர்ட்டின் இருந்திருந்தால், நான் துணிந்து பார்த்திருந்தாலும் லீவு உனக்குத்தான். சும்மா மிரட்டியிருந்தால்? என் பயம்தானே உன்னை அந்த ரோட்டுக்கு அனுப்பியது?

உன் கையில் என்ன இருந்தது என்று போன வாரம் பாலுவிடம் கேட்டே விட்டேன். டீ கிளாஸைக் கீழே வைத்தான்.

"அதையே நினைச்சினு இருக்கியா? கலக்கறப்ப நான் பாத்தேன்பா. ஆர்ட்டின் ராஜா, ஆர்ட்டின் பத்து. அத மிஞ்ச இன்னா இருக்கு? நீ பாத்திருந்தாலும் காலிதான். வூட்டுக்குப் போயி நல்லா தூங்கு."

கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

அன்று ஆர்ட்டின் ராஜா என் கையில் இருந்தது, மாப்பிள்ளை.

சரிடா என்று தலையாட்டிவிட்டு வந்தேன். எனக்காகச் சொன்ன பொய்யைப் போய் எப்படிப் பிடிப்பது? ஆனால் நீ ஜெயிக்கிற சீட்டு வைத்திருந்தால் அவன் எதற்குப் பொய் சொல்லப்போகிறான்?

தங்கச்சிக்கு இந்த ஆட்டமே தெரியாது. அன்று உனக்கு வழக்கமான லீவு என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறாள். இந்த ஞாயிறு போய் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன், என் கையில் என்ன இருந்தது என்பதையும் சேர்த்து. அவள் என்ன கேட்டாலும், எப்படித் திட்டினாலும், பாதியில் எழுந்து வந்துவிட மாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் பெண்டாட்டியின் அண்ணன்,
உன் மச்சான் குமார்